போய் வந்தால் ஒன்று

ஆயுதபூசையன்று தொட்டிக்காட்டூர் அரசு மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் சூடம் காட்டி முடித்ததும் சென்னியப்பன் சார் வழக்கம்போல ஒரு கைப்பிடி பொரியை அள்ளி எங்கள் பக்கம் வீசினார், அந்தப் பொரி கீழே வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது. பெரிய தாமதம் ஒன்றுமில்லை. கையேந்தி நின்ற நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் ஒரு கண்சிமிட்டும் நேரம் முன்னதாகவே கையை மூடிவிட்டோம், பொரி சாவகாசமாக வந்து எங்கள் விரல்முட்டிகளின் மேல் உட்கார்ந்தது. பொரி நமுத்துப் போயிருக்கும் என்றார் சார். நமுத்த பொரி மெதுவாக விழும் என்பதை நாங்களும் நம்பினோம், இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் அல்லவா.

அந்த ஆய்வகத்தில் சுவர் உயரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் ஸ்க்ரூ கேஜும் வெர்னியர் காலிப்பரும் ஸ்டாப் வாட்சுகளும் கொக்கி வைத்த இரும்புக் குண்டுகளும் வரிசையாக இருந்தன, கண்ணாடியின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் 'தொடாதே' என்று எழுதியிருந்தது. வருஷத்தில் இரண்டு நாள்தான் அது திறக்கும். ஒன்று செய்முறைத் தேர்வு நாள், அன்றைக்கு வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர் சாமான்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். இன்னொன்று ஆயுதபூசை, அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வைத்து வைத்து, ஸ்க்ரூ கேஜின் வாய்க்குள் சந்தனம் காய்ந்து கெட்டியாகி, அது எதையும் கடிக்க முடியாமல் பல் போன கிழவன் மாதிரி இருந்தது.

அப்படியானால் சோதனையை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். செய்யவில்லை, எழுதினோம். போன வருஷத்து அண்ணன் அக்காவின் ரெக்கார்டு நோட்டை வாங்கி ஈயடிச்சான் காப்பி அடிப்பது எங்கள் பள்ளியின் குலவழக்கம். அவர்கள் அதற்கு முந்தைய வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள், அப்படியே பின்னோக்கிப் போனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பரிமளம் அக்காவில் போய் முடியும். தனி ஊசலை ஆட்டிப் பூமி எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனைக்கு, பரிமளம் அக்கா முதலில் விடையை எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளைப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு நிரப்பினாள். யானைக்கும் அடி சறுக்கும். ஒன்பது புள்ளி எட்டு என்று எழுத வேண்டிய விடையை, கொட்டாவி விட்ட நேரத்தில் எட்டுப் புள்ளி ஒன்பது என்று எழுதிவிட்டாள். சென்னியப்பன் சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரையும் குத்தினார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு முப்பத்தெட்டு நோட்டு, பதினோரு வருஷம், ஒன்று நீங்கலாக நானூற்றுப் பதினேழு நோட்டில் எட்டுப் புள்ளி ஒன்பது, நானூற்றுப் பதினேழு கையெழுத்து, நானூற்றுப் பதினேழு முத்திரை. அந்த வருஷம் பூசையில் அத்தனை நோட்டையும் சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கிவைத்துச் சூடம் காட்டினோம். அரசாங்க முத்திரை குத்தி இத்தனை தடவை சொன்னால் பூமிதான் பாவம் என்ன செய்யும், கேட்டுக்கொண்டது.

நீங்கலாக இருந்த அந்த ஒரு நோட்டு கலாமணியுடையது. அவள் அப்பா பொன்னுசாமி பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். அவளுக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது, கை சும்மா நிற்காது. ஜூன் மாதம் நாங்கள் ஊசல் பாடத்தைக் காப்பியடித்துக்கொண்டிருந்தபோது அவள் பட்டறையிலிருந்து ஒரு பெரிய நட்டை எடுத்து நூலில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டு, அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணி, ஒன்பது புள்ளி ஏழு எட்டு என்று எழுதிக்கொண்டு வந்தாள். சார் அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார். முப்பத்தேழு பேருக்கு ஒரு விடை, உனக்கு மட்டும் வேறா, பரிமளத்தைவிட நீ பெரிய ஆளா என்று கேட்டார்.

"அளந்தனுங் சார். அப்பிடித்தானுங் வந்துச்சு" என்றாள் கலாமணி.

திருத்திக்கொண்டு வந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து இல்லாதவர்களைச் செய்முறைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். தேர்வு எழுதாவிட்டால் அந்த வருஷம் போச்சு, என்ஜினியரிங் படிக்கும் ஆசையும் அதோடு போச்சு. எங்கள் வகுப்பிலேயே அந்த ஆசையைப் படுகிற தகுதி அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது, இதை நான் அப்போது வெளியே சொல்லியிருக்க மாட்டேன்.

பூசைக்குப் பிறகு ஊர் இளைத்தது. பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கும் மிஷினில் ஏறியவர்களெல்லாம் ஐந்தாறு கிலோ குறைந்திருந்தார்கள், கொள்ளுக் கஷாயம் விற்கிற வைத்தியர் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். ஸ்பிரிங் வைத்த தொங்குதராசு இருந்த கறிக்கடையில் ஒரு கிலோ கேட்டால் நூறு கிராம் கூடவே வந்தது, தட்டுத்தராசு வைத்திருந்த காய்கறிக் கடையில் அப்படி ஒன்றும் வரவில்லை, ஆகையால் ஊரே சைவத்தை விட்டது. பிள்ளையார் கோயிலில் சிதறுதேங்காய் போட்டால் சிதறாமல் குதித்து ஓடியது, பூசாரி இரண்டாம் முறை ஓங்கி அடிக்கப் பழகிக்கொண்டார். பள்ளி வராந்தாவில் இருந்த பெண்டுலம் கடிகாரம் மணிக்கு மூன்று நிமிடம் பிந்தியதால் கடைசி மணி தினமும் இருபது நிமிடம் தாமதமாக அடித்தது, இந்த மாயத்தில் நஷ்டப்பட்டவர்கள் மாணவர்கள் மட்டுமே. ஊர் எல்லையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒரு வளைவு உண்டு. டவுன் பஸ் அதைத் தாண்டும்போது ஒரு அமுங்கு அமுங்கும், பயணிகளின் தோளில் பழைய கனம் திரும்ப வந்து உட்காரும், கண்டக்டர் யாரையும் பார்க்காமல் "கனம் ஏறுதுங், பாத்து உக்காருங்" என்பார். வார்டு கவுன்சிலர் இதெல்லாம் தன் முயற்சியால் நடந்தது என்று ஃபிளெக்ஸ் பேனர் வைத்தார். யாரும் மறுக்கவில்லை, அவருக்கு முயற்சி என்று வேறு ஒன்றும் இல்லாததால் பாவம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

கலாமணிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அதே நட்டு, அதே நூல், அதே உத்திரம், ஆனால் விடை எட்டுப் புள்ளி ஒன்பது என்று வந்தது. வளைவைத் தாண்டிச் சாலையோரப் புளியமரத்தில் கட்டி ஆட்டினாள், ஒன்பது புள்ளி ஏழு எட்டு என்று வந்தது. விஷயம் அரை நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஊர் கூடிப் பேசி, நடந்தது நடந்துபோச்சு, நல்லதாகத்தான் நடந்திருக்கிறது, இனிமேல் அந்த நோட்டுகளை யாரும் திருத்தக் கூடாது என்று ஒருமனதாக முடிவு செய்தது. சென்னியப்பன் சாருக்கு அப்பாடா என்று ஆனது. அவர் கெட்டவர் அல்ல. போர்டில் ஒன்பது புள்ளி எட்டு என்று நடத்திவிட்டு நோட்டில் எட்டுப் புள்ளி ஒன்பதுக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு நோட்டைப் பார்க்காதவர், அவ்வளவுதான். அவர் கலாமணியைக் கூப்பிட்டு, இப்போதுதான் அது உண்மையாகவே ஆகிவிட்டதே, எழுதிக்கொடுத்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொள் என்றார்.

"நான் அளந்த அன்னைக்கு அது உண்மை இல்லீங் சார்" என்றாள் அவள்.

அவளுக்கு வீட்டில்தான் பாடு. அம்மா ருக்குமணி தறிப்பட்டறையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவள், முட்டிவலிக்காரி. ஊர் இளைத்த நாளிலிருந்து பாதி வலி போய், பட்டறையிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடு வருகிறாள். "ஊரோட ஒத்துப் போ கண்ணு. எட்டுன்னா எட்டு, ஒம்போதுன்னா ஒம்போது. என்ற முட்டியக் கொஞ்சம் நெனச்சுப் பாரு" என்று தினமும் சொன்னாள். கலாமணி சோற்றைப் பிசைவாள். அம்மாவின் முட்டியை அவள் நினைக்காமல் இல்லை, அதுதான் கஷ்டம்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த வருஷம் ஒவ்வொரு மாணவரும் எக்ஸாமினர் கண்ணெதிரே சோதனையைச் செய்து காட்ட வேண்டுமாம். சென்னியப்பன் சார் அதை மூன்று தடவை படித்துவிட்டு, அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்து நின்றார். எங்களில் ஒருவருக்கும் நூலில் குண்டைக் கட்டத் தெரியாது. பார்க்கப் போனால் அவருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் ஊசலைப் படமாகத்தான் வரைந்திருக்கிறார். கடைசியில் அவர் சாவியைக் கலாமணியின் மேசையில் வைத்தார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அவரவர் அளந்ததை அவரவர் எழுதட்டும், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்று. மேலிடத்து உத்தரவு என்பதால் நோட்டைத் திருத்தக் கூடாது என்ற முடிவை ஊரும் ஒத்திவைத்தது.

ஊருக்குள் அளந்தால் நாம் எழுதியதே நமக்குத் திரும்பி வரும் என்று சொல்லி, அவள் எங்களை வளைவுக்கு வெளியே புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். கிளைக்குக் கிளை ஒரு குண்டு தொங்கியது. குண்டை விட்டுவிட்டு எண்ண வேண்டும், இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும், இவ்வளவுதான் வேலை. இவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். குண்டு அந்தப் பக்கம் போனால் ஒன்று, இந்தப் பக்கம் வந்தால் இரண்டு என்று எண்ணினேன். போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று என்பது எனக்குத் தெரியாது. எனக்கு முப்பத்தொன்பது என்று விடை வந்தது. என் சிநேகிதன் அங்கமுத்து ஸ்டாப் வாட்சை ஓடவிட்டு, இடையில் எதிர்க்கடைக்குப் போய் ஒரு பஜ்ஜி தின்றுவிட்டு வந்து நிறுத்தினான், அவனுக்குப் புள்ளி நான்கு வந்தது. வசந்தி நூலை முடிச்சு வரைக்கும் அளந்தாளே தவிரக் குண்டின் நடு வரைக்கும் அளக்கவில்லை. சார் வழக்கம்போல எதையும் பார்க்காமல் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலம் நான் எங்கள் வீதிக்குள் காலடி எடுத்துவைத்ததும் குப்புற விழுந்தேன். வீதியே நாலு மடங்கு கனத்திருந்தது. நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்துக் கிடந்தன, என் அத்தை முறுக்குப் பிழிய உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள், எங்கப்பா திட்டுவதற்கு வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கண்ணாலேயே திட்டினார். அங்கமுத்துவின் வீதியில் ஆடி மாசம் வருவதற்கு முன்பே அம்மி பறந்தது. துணிகள் கொடியிலிருந்து எழும்பி நின்றன, எருமையைக் கழுத்தில் கட்டினால் போதாமல் காலிலும் கட்டினார்கள், சாம்பார் கரண்டியைவிட்டு இறங்க மறுத்தது. வசந்தியின் வீதி மட்டும் யாருக்கும் தெரியாத அளவுக்குச் சற்றே இளைத்துக் கமுக்கமாக இருந்தது. எல்லா நோட்டும் ஒரே விடையைச் சொன்னவரை ஊருக்கு ஒரே எடை, இப்போது நோட்டுக்கொரு விடை என்றானதும் ஊருக்குள் வீதிக்கொரு எடை வந்து சேர்ந்தது. ஒரு முனையில் தூக்கிய தண்ணீர்க்குடத்தை மறுமுனையில் இறக்குவதற்குள் நாலு தடவை தோள் மாற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் எங்களைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் இருந்தார்கள். பதினோரு வருஷமாக ரெக்கார்டு நோட்டு என்றால் பழுப்பு அட்டை போட்டது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஊர், ஒரே இரவில் ஊசலைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டது. கறிக்கடைக்காரர் நூலின் முடிச்சைச் சோதித்தார். கண்டக்டர் விசில் ஊதி ஸ்டாப் வாட்சைத் தொடங்கிவைத்தார். எங்கப்பாவை நாலு பேர் வீதிக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் உட்காரவைத்தார்கள், அவர் என் குண்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "போய் வந்தா ஒண்ணு, போய் வந்தா ரெண்டு" என்று உரக்க எண்ணினார், அதைக் கேட்டுப் பக்கத்திலிருந்தவர்களும் எண்ணினார்கள், கொஞ்ச நேரத்தில் ஊரே ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருந்தது. கவுன்சிலர்கூட ஒரு கிளைக்குக் கீழே நின்று எண்ணினார், பேனரை அவிழ்த்துவிட்டதாகவும் சொன்னார்.

கலாமணி கிளைக்குக் கிளை ஓடினாள். நீ நூலைக் குண்டின் நடு வரைக்கும் அள, நீ குண்டைத் தள்ளாதே விடு, நீ அந்தப் பஜ்ஜியைக் கீழே போடு என்று சொல்லிக்கொண்டே போனாள். நாங்கள் பத்து நாள் ஆட்டினோம். விடை ஒவ்வொன்றாக ஒன்பது புள்ளி ஏழுக்கும் ஒன்பது புள்ளி எட்டுக்கும் நடுவில் வந்து நின்றது, கையெழுத்து விழ விழ வீதிகள் ஒவ்வொன்றாகப் பழைய கனத்துக்கு வந்து சேர்ந்தன. எங்கள் வீதி கடைசிக்கு முந்தியது. எழுந்து நின்றதும் அத்தை முதல் வேலையாக என்னை அடித்தாள். இன்றைக்கும் ஊரில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, முப்பத்தொன்பது என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடைசி வீதி கலாமணியுடையது. அந்த வீதியில் எங்கள் வகுப்புப் பிள்ளை அவள் ஒருத்திதான். அவள் நோட்டில் கையெழுத்து விழாததால் அந்த வீதி மட்டும் இன்னும் எட்டுப் புள்ளி ஒன்பதில் இருந்தது. தினமும் அவள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போவாள், உள்ளே அம்மா பாடிக்கொண்டே வீடு பெருக்குவது கேட்கும், திரும்பி வந்துவிடுவாள். உண்மைக்காக ஊரை எதிர்த்தவளுக்கு அந்தப் பாட்டை நிறுத்த மனசு வரவில்லை. இதை அவளே பிறகு என்னிடம் சொல்லி அழுதாள்.

ருக்குமணி அந்தப் பத்து நாளில் ஒரு நாள்கூடப் புளியமரத்தடிக்கு வராமல் இருந்ததில்லை. தறி முடிந்ததும் நேராக அங்கேதான் வருவாள். தறியில் இழை எண்ணிப் பழகிய கண் அவளுடையது, எண்ணிக்கையில் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது, அங்கமுத்துவின் விடையைக் கடைசியில் சரிக்குக் கொண்டுவந்ததே அவள்தான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் அவள் மகளின் பையைத் திறந்து நோட்டை எடுத்துக்கொண்டு, துள்ளுநடையில் தன் வீதியைத் தாண்டி, அங்கிருந்து விந்தி விந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சென்னியப்பன் சார் ஆய்வகத்தில் தனியாக இருந்தார். அவர் முன்னால் நோட்டில் பெருக்கல் குறி போட்ட பக்கத்தைப் பிரித்துவைத்தாள்.

"நீங்க ஆட்டிப் பாத்தீங்களாங் சார்?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்றார். இரண்டு பேரும் ஒரு குண்டை எடுத்துக்கொண்டு வளைவுக்கு வெளியே போனார்கள். சாருக்கு முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்துபோனது. ருக்குமணி எண்ணினாள், அவர் கணக்குப் போட்டார். ஒன்பது புள்ளி ஏழு எட்டு. அவர் எட்டு மாசமாகக் கிடந்த தன் சிவப்புக் குறியின் மேலேயே கையெழுத்துப் போட்டார், குறி மறையும்படி பெரிதாகப் போட்டார், தேதியைப் போட்டார், என்னை மன்னித்துவிடு என்று ஓரத்தில் பொடியாக எழுதினார். ருக்குமணி திரும்பி வரும்போது, இப்போது கனம் குறையாத தன் வீதி முனையில் ஒரு முறை நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக விந்தி விந்தி வீட்டுக்குள் போனாள். கலாமணி ஓடிவந்து தாங்கியபோது, "என்ற வலிதானே, எனக்குப் பழக்கமானதுதான்" என்றாள்.

தேர்வு நாளன்று ஊர் வேலைக்குப் போகவில்லை. ஆய்வகத்தின் ஜன்னல் கம்பிகள் முழுக்க முகங்களாக இருந்தன. எக்ஸாமினர் வெளி மாவட்டத்துக்காரர், கறாரான மனிதர், எங்கள் முப்பத்தெட்டுப் பேரையும் வரிசையாக ஆட்டவைத்துப் பார்த்தார், அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கலாமணியின் நோட்டைப் பிரித்தபோது மட்டும் அந்தச் சிவப்புக் கூளத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விடை புத்தகத்தில் ஒன்பது புள்ளி எட்டு என்றல்லவா இருக்கிறது, இது என்ன ஏழு எட்டு என்று ஒட்டுக் கணக்கு, முழுசாக்கி எழுதினால் குறைந்தா போய்விடும் என்று சொல்லிக்கொண்டே, நல்ல எண்ணத்தோடுதான், அதை அடித்துத் திருத்தப் பேனாவைக் கொண்டுபோனார்.

"சார், தொடாதீங்க."

ஜன்னலில் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த ருக்குமணியின் குரல் அது. அடுத்த நொடி கறிக்கடைக்காரரும் கண்டக்டரும் பூசாரியும் எங்கப்பாவும் அத்தையும் அதையே சொன்னார்கள், சத்தம் போடாமல், ஆனால் எல்லாரும் சேர்ந்து, பத்து நாள் எண்ணிப் பழகிய ஒரே குரலில் சொன்னார்கள். எக்ஸாமினர் திடுக்கிட்டுத் திரும்பினார், பேனா கையிலிருந்து நழுவியது. ஜன்னலில் இருந்த அத்தனை கண்களும் அதைக் கூடவே இறங்கிப் பார்த்தன. விழ வேண்டிய வேகத்தில் விழுந்து, தொட வேண்டிய நேரத்தில் அது தரையைத் தொட்டது.

கலாமணி குனிந்து பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.